தேநீரில் நனைத்த லேஸ்

ரிச்மண்ட், வர்ஜீனியா
மே 4, 2019

என் லீட்டா அக்காவுக்கு,

உன் பூசணிக்குட்டி ஏராளமான முத்தங்களுடன் எழுதுவது.

நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் முதலில் உட்கார். கிரஹாம் கேட்டுவிட்டான், நானும் சரி என்று சொல்லிவிட்டேன். ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தோம். திடீரென்று மண்டி போட்டான். ஷூ நாடா அவிழ்ந்துவிட்டதாக்கும் என்று நான் பாட்டுக்கு முன்னால் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் ஆள் கையில் மோதிரத்தோடு இன்னும் சேற்றிலேயே இருக்கிறான்.

அக்டோபர் பன்னிரண்டு, சனிக்கிழமை. மேப்பிள் எல்லாம் சிவந்து நிற்கும் நேரம். நம் வீட்டு வைக்கோல் கொட்டகையில்தான் அக்கா, வேறு எங்கே? பழைய காலத்துக் கல்யாணம் மாதிரி இருக்க வேண்டும். கடையில் வாங்கிய பொருள் ஒன்றுகூட கண்ணில் படக் கூடாது. துணித் தோரணம், சோளத் தோகைப் பூ, ஜாடிக்குள் மெழுகுவத்தி, லேஸ் விரிப்பு, எல்லாம் கையால் செய்தவை. இங்கே இப்போது எல்லோரும் இப்படித்தான் கல்யாணம் செய்கிறார்கள், ஆனால் வாடகைக்கு எடுத்து வைக்கிறார்கள். எனக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. எனக்கு நீ இருக்கிறாய்.

ஒரே ஒரு விஷயம், லேஸ் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் எடுபடாது. கெட்டியான தேநீரில் ஊறவைத்துக் காயப்போட்டால் பழசு மாதிரி ஒரு பழுப்பு வரும். தோகைப் பூவுக்கும் அதேதான். அப்புறம் நம் ஊர் அடுக்குக் கேக் கட்டாயம் வேண்டும். கிரஹாம் அதைப் பார்த்ததே இல்லையாம்!

நம் பள்ளத்தாக்கில் கைப்பேசி வேலை செய்யாது என்று எப்போதும் திட்டுவேனே, இந்த ஒரு தடவை அதுவும் நல்லதுக்குத்தான். வீட்டுத் தொலைபேசியையும் தொடாதே. கல்யாணம் முடியும்வரை நாம் கடிதத்திலேயே பேசுவோம், பழைய காலத்து ஆட்கள் மாதிரி. எல்லாக் கடிதத்தையும் நாடா கட்டிப் பத்திரமாக வைப்பேன்.

கடைசியாக, முக்கியமானது. அப்பா இல்லை, அம்மா இல்லை. அன்றைக்கு என்னைக் கைப்பிடித்து அழைத்துப் போகப்போவது நீதான். வேறு யாரையும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

உன்
பிரென்னா


எல்க் பள்ளத்தாக்கு, மேற்கு வர்ஜீனியா
மே 13, 2019

என் பூசணிக்குட்டிக்கு,

நான் உட்காரவில்லை. தபால்பெட்டி பக்கத்தில் நின்றுகொண்டேதான் படித்தேன். பக்கத்து வீட்டு ஹோபர்ட் தன் டிரக்கை நிறுத்தி, "என்ன லீட்டா, யாராச்சும் போயிட்டாங்களா?" என்று கேட்கிற அளவுக்கு அழுதிருக்கிறேன். "யாரும் போகல. எங்க பிரென்னாவுக்குக் கல்யாணம்" என்றேன். "அதுக்கா இப்படி ஒப்பாரி வைக்கிறே? மாப்பிள்ளை அவ்வளோ மோசமா?" என்றான். அவன் வாயை என்ன செய்வது!

நீ நன்றாக இரு. அம்மா போனபோது உனக்கு ஏழு வயது. என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே தூங்குவாய். அந்தக் கையைப் பிடித்து இன்னொருவன் கையில் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்தாலே மனசு நிறைந்து வழிகிறது. நீ கேட்காவிட்டால் நானே கேட்டிருப்பேன். நீல நிறத்தில் ஒரு நல்ல உடுப்பு தைத்துக்கொள்ளப் போகிறேன். பள்ளிச் சமையற்கட்டு ஏப்ரனோடு வந்துவிடுவேன் என்று பயப்படாதே.

லேஸைத் தேநீரில் முக்கச் சொல்கிறாய். வெள்ளையை வெள்ளையாக வைத்திருக்க நான் எத்தனை வருஷம் கை தேயத் தோய்த்திருப்பேன்! இப்போது புதுசாகத் தைத்து, அதைக் கறையாக்கி, பழசு என்று தொங்கவிட வேண்டுமாம். காலேஜில் இதைத்தான் சொல்லித் தந்தார்களா? சரி, உனக்காக முக்குகிறேன். தோரணத்துக்குத் தேநீர் தேவைப்படாது. பரணில் உன் சின்ன வயதுக் கவுன்கள் எல்லாம் இருக்கின்றன. பிறந்தநாளுக்குப் போட்ட மஞ்சள், வேலியில் மாட்டிக் கிழித்துக்கொண்டு வந்து நின்றாயே, அந்த நீலக் கட்டம். எல்லாவற்றையும் முக்கோணமாக வெட்டித் தைக்கிறேன். நட்டநடுவில் அம்மாவின் சிவப்புப் பூப் போட்ட ஏப்ரனிலிருந்து ஒரு துண்டு. அவளும் அங்கே இருக்கட்டும்.

கேக் விஷயம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வீட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், வீட்டுக்கு ஓர் அடுக்கு. நடுவில் பூச உலர்ந்த ஆப்பிள் கூழ் என்னுடையது. ஓனா வழக்கம்போல, "என் அடுக்கு அடியில போகாது, மேலதான் வைக்கணும்" என்று இப்போதே சண்டை பிடிக்கிறாள். போன தடவை ஓரம் கருகினதை நான் இன்னும் மறக்கவில்லை.

வெளியூரில் இருந்து நம் முறை உனக்கு மறந்திருக்கலாம், அதனால் சொல்கிறேன். அடுக்குக் கொடுத்தவர்தான் நம் கல்யாணத்துக்கு அழைப்பு பெற்றவர், தனியாகப் பத்திரிகை தேவையில்லை. அவர்கள் எதிரில் நிற்கும்போதுதான் கேக்கில் கத்தி வைக்க வேண்டும். ஆக, பன்னிரண்டு வீட்டையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

அன்புடன், அழுது சிவந்த மூக்குடன்,
லீட்டா


ரிச்மண்ட்
ஜூன் 27, 2019

அன்புள்ள அக்காவுக்கு,

தோரணத்தின் மாதிரித் துண்டு வந்தது. மஞ்சள் கவுனைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன்.

போன வாரம் கிரஹாம் வீட்டில் விருந்து. அவன் அம்மா, திருமதி விட்லாக், ரொம்பத் தன்மையானவர். ஆனால் அந்த வீட்டைப் பார்க்க வேண்டுமே அக்கா! சுவர் முழுக்க முன்னோர்கள் எண்ணெய் ஓவியமாக உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தத் தட்டைத் தொட்டாலும் அதற்கு ஒரு வம்ச வரலாறு. என்னைப் பற்றி, வீட்டைப் பற்றி, உன்னைப் பற்றி, கேள்விமேல் கேள்வி. எனக்கு வியர்த்துவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. கல்யாணத்தை நம் கொட்டகையில் வைக்க முடியாது போலிருக்கிறது. அவர்கள் பக்கத்தில் மட்டும் நூற்றைம்பது பேர். பாதிப் பேர் டாக்டர்கள், கைப்பேசி வேலை செய்யாத இடத்துக்கு வர மாட்டார்கள். கழிவறையும் ஒன்றுதானே? இங்கே ஊருக்கு வெளியே கல்யாணத்துக்கென்றே கட்டிய ஒரு கொட்டகை இருக்கிறது, பார்ப்பதற்கு நம்முடையதைப் போலவேதான் இருக்கும். இடம்தான் மாறுகிறது, மற்றதெல்லாம் அப்படியே. உன் கை வேலை எல்லாம் அங்கே வரும்.

கோபம் இல்லையே?

பிரென்னா


எல்க் பள்ளத்தாக்கு
ஜூலை 8, 2019

என் பூசணிக்குட்டிக்கு,

கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். கொட்டகைக் கூரையில் ஹோபர்ட் ஏறி ஓட்டை எல்லாம் அடைத்து முடித்த மறுநாள் உன் கடிதம் வந்தது. அவனிடம் சொன்னேன். "சரி விடு, இனிமே மழையில வைக்கோலாவது நனையாம கெடக்கும்" என்றான். அவ்வளவுதான் சொன்னான், ஆனால் அன்றைக்குக் காபி குடிக்காமல் போய்விட்டான்.

நம்முடையதைப் போலவே இருக்கும் கொட்டகை என்கிறாய். நம்முடையதே இருக்கும்போது அதைப் போல இன்னொன்று எதற்கு என்று என் மரமண்டைக்குப் புரியவில்லை. போகட்டும். ஊரிலேயே ஒரு கழிவறைக்காகக் கல்யாணத்தை இழந்தவள் நான்தான் என்று சொல்லிச் சிரித்துக்கொள்கிறேன். கல்யாணம் உன்னுடையது. நீ எங்கே நின்றாலும் உன் பக்கத்தில் வந்து நிற்கப் போகிறேன், எனக்கு அதுதான் வேண்டும்.

சர்ச் வேனில் பன்னிரண்டு வீட்டுக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்கிறார் பாஸ்டர். நாலு மணி நேரப் பயணம். ஓனாவுக்கு வண்டியில் தலை சுற்றும், அவளை முன்னால் உட்கார வைக்க வேண்டும். இதுவரை அவள் ரிச்மண்டைப் பார்த்ததில்லை. இப்போதே தொப்பி வாங்கிவிட்டாள். அந்தத் தொப்பியைப் பார்த்தால் உன் மாமியார் வீட்டு ஓவியங்கள் எல்லாம் எழுந்து ஓடிவிடும்.

என் உடுப்புக்குத் துணி எடுத்தாயிற்று. தோகைப் பூ ஒரு பெட்டி நிறைந்துவிட்டது. மேசை விரிப்பின் மூலையில் உன் பெயரும் வருஷமும் பின்னப் போகிறேன். வீடு முழுக்கத் தேநீர் வாசனை.

திருமதி விட்லாக்குக்கு என் வணக்கம். என்னைப் பற்றி அவ்வளவு கேட்டார்களாமே, என்ன சொன்னாய்? நல்லபடியாகச் சொல்லியிருப்பாய்.

அன்புடன்
லீட்டா


ரிச்மண்ட்
செப்டம்பர் 5, 2019

அன்புள்ள அக்கா,

வேலை தலைக்குமேல் போய்விட்டது. அதனால்தான் இவ்வளவு தாமதம், மனசில் வேறு எதுவும் இல்லை.

சில சின்னச் சின்ன மாற்றங்கள். கைப்பிடித்து அழைத்துப் போவது இப்போது இங்கே யாரும் செய்வதில்லையாம். மணப்பெண் தனியாக நடந்து வருவதுதான் அழகு என்கிறாள் ஏற்பாடு செய்கிறவள். நானும் தனியாகவே வந்துவிடலாம் என்று இருக்கிறேன். நீ இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.

இரண்டாவது, மேசை விரிப்பின் மூலையில் பெயரும் வருஷமும் பின்னப் போவதாக எழுதியிருந்தாயே, வேண்டாம். பின்னியிருந்தால் பிரித்துவிடு. வருஷம் இருந்தால் புதுசு என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, சர்ச் வேன். அக்கா, இடம் நிஜமாகவே இல்லை. அவர்களுக்கெல்லாம் பிறகு ஒரு நாள் நாமே ஊரில் தனியாக விருந்து வைப்போம், இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் கேக் கட்டாயம் வேண்டும். திருமதி விட்லாக் அதைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிவிட்டார். வாசலுக்கு நேராக ஒரு மேசையில் தனியாக வைக்கப் போகிறார்கள்.

உனக்குத் தவிர வேறு யாருக்கும் அந்தத் தோரணத்தைக் கட்டத் தெரியாது. வெள்ளிக்கிழமையே வந்துவிடுவாயா?

பிரென்னா


எல்க் பள்ளத்தாக்கு
செப்டம்பர் 12, 2019

பிரென்னாவுக்கு,

அந்தச் சின்னச் சின்ன மாற்றங்களைப் படித்தேன். முதலாவது என் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது, ஒளிக்க மாட்டேன். தனியாக நடப்பதுதான் அழகு என்றால் நட. கீழே விழாமல் நட. முதன்முதலில் உனக்கு நடக்கச் சொல்லித் தந்தவளும் நான்தான். முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டாவதையும் செய்தாயிற்று. உன் பெயரைப் பிரித்து எடுத்துவிட்டேன். பிரித்த இடத்தில் துளை தெரிகிறது. பழசு என்று நினைத்துக்கொள்வார்கள், உனக்கு நல்லதுதான்.

ஆனால் மூன்றாவது நடக்காது. கேக் வேண்டும், அதைச் சுட்ட ஆட்கள் வேண்டாம் என்கிறாயே, இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த ஒருத்தி கேட்கிற கேள்வியா இது? நம் ஆட்களிடம் அடுக்கு வாங்கிக்கொண்டு வாசலில் நிறுத்துவது, கை குலுக்கிவிட்டு முகத்தில் துப்புவதற்குச் சமம். அம்மா சாவுக்கு மூன்று நாள் நம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. யார் வீட்டுச் சட்டியில் சாப்பிட்டாய்? ஓனா வீட்டுச் சட்டியில். அவளிடம் போய் நான் என்னவென்று சொல்ல? என் வாயால் சர்ச்சில் எழுந்து நின்று அழைத்திருக்கிறேன். உனக்குத் திரும்பிப் போக ரிச்மண்ட் இருக்கிறது. எனக்கு இவர்கள் முகத்தில்தான் தினமும் விழிக்க வேண்டும்.

வேன் வரும் என்றால் கேக் வரும். இல்லையென்றால் இல்லை. யோசித்து எழுது.

லீட்டா


ரிச்மண்ட்
செப்டம்பர் 19, 2019

என் தங்க அக்காவுக்கு,

நீ சொல்வதுதான் சரி. என் புத்தியைச் செருப்பால் அடி. எல்லோரும் வரட்டும், இடம் செய்துவிட்டேன். ஓனா தொப்பியோடு முன்னால் உட்காரட்டும். கேக்கை நீ வெள்ளிக்கிழமை கொண்டுவந்துவிடு, வேன் சனிக்கிழமை வரட்டும்.

கோபம் தணிந்ததா? உன் நீல உடுப்பில் உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்வோம்.

உன்
பூசணிக்குட்டி


எல்க் பள்ளத்தாக்கு
அக்டோபர் 13, 2019

பிரென்னா,

நீ இப்போது தேனிலவுக்குப் போயிருப்பாய். திரும்பி வந்து படி. நேற்று முன்தினம் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் அது ஏணிமேல் நின்றவளுக்கு எப்படி இருந்தது என்று தெரியாது. அதற்காக எழுதுகிறேன்.

உன் கொட்டகையைப் பார்த்தேன். புதுப் பலகையைச் சுரண்டி, சாயம் பூசி, பழசாக்கி வைத்திருக்கிறார்கள். என் லேஸுக்கு நல்ல ஜோடி. கேக்கை அவர்கள் குளிர் அறையில் வைத்துவிட்டு, வேலை உடுப்போடு ஏணியில் ஏறினேன். நீல உடுப்பு டிரக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. தோரணத்தின் நடுப்பகுதியைக் கட்டும்போதுதான் உன் மாமியார் வந்தார். நல்ல அம்மாள். அதையும் சொல்லிவிடுகிறேன், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் ஏப்ரன் துண்டைத் தொட்டுப் பார்த்து, "எவ்வளோ அழகு! அலங்காரத்துக்கு வந்திருக்கறவங்க நீங்கதானா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். மேலே என் பெயரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"பாத்துக் கட்டுங்கம்மா, எல்லாம் ரொம்பப் பழசு. எங்க மருமக வீட்டுல தலைமுறை தலைமுறையா வந்ததாம். பாவம் அந்தப் பொண்ணு, சொந்தம்னு சொல்லிக்க ஒரே ஒரு அக்கா. அவங்களும் அலாஸ்கால இருக்காங்க. கல்யாணத்துக்கு வர முடியலையாம்."

பிரென்னா, நீ அங்கேதான் நின்றாய். கிரஹாமின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, கை நீட்டினால் தொடும் தூரத்தில். கிரஹாம் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஏணியில் இருந்து உன்னைப் பார்த்தேன். "இவங்கதான் என் அக்கா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் காத்திருந்தேன். உன் வாய் திறந்தது. எனக்கு உயிர் வந்தது.

"இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு. சரி பண்ணிடுங்க" என்றாய்.

பண்ணிடுங்க! என்னை! பிறந்ததிலிருந்து "அக்கா வா, அக்கா போ" என்று கூப்பிட்ட வாய் அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலில் மரியாதை கொடுத்தது.

நான் சரி பண்ணினேன். "அலாஸ்கால இந்நேரம் நல்ல குளிரா இருக்கும்ங்க" என்றேன். "ஆமா, பாவம்" என்றார் உன் மாமியார். பசியோடு திரும்பிப் போவேன் என்று நினைத்தாரோ என்னவோ, ரொட்டியில் பன்றிக்கறி வைத்துக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார். அந்தக் கொட்டகையில் அன்று என்னை மனுஷியாக நடத்தியது அவர் ஒருவர்தான்.

அப்புறம் நான் டிரக்குக்குப் போனபோது நீ பின்னால் ஓடி வந்தாய். அழுதாய். "அக்கா, ப்ளீஸ், புரிஞ்சுக்கோ. நாளைக்கு நீ சமையல்கட்டு வாசல்ல நின்னா எல்லாம் நல்லாத் தெரியும், நான் சொல்லி வைக்கறேன். ஆனா வேன் மட்டும் வேண்டாம்னு சொல்லிடு. அவங்க யாராச்சும் உன்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டுட்டா எல்லாம் போச்சு." அப்போது ஜன்னலில் தொங்கிய நீல உடுப்பைப் பார்த்து, "அழகா இருக்கு" என்றாயே, அங்கேதான் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

அப்படியென்றால் செப்டம்பரில் "எல்லோரும் வரட்டும்" என்று எழுதியபோதே உனக்குத் தெரியும். கேக் கைக்கு வந்து சேரும்வரை என்னைச் சமாதானப்படுத்தி வைத்திருக்கிறாய். நானும் நம்பினேன். பூசணிக்குட்டி என்று கையெழுத்துப் போட்டிருந்தாய், நம்பாமல் என்ன செய்வேன்?

குளிர் அறைக்குப் போய்க் கேக்கை எடுத்தேன். அங்கே நின்ற ஆள், "இது கல்யாணக் கேக் ஆச்சேம்மா" என்றான். "தெரியும்பா. சுட்டவங்க வரல, அதனால இதுவும் வராது" என்றேன். என்ன புரிந்ததோ, கதவைப் பிடித்துத் திறந்துவிட்டான். போகும் வழியில் ஏணியில் ஏறி அம்மாவின் துண்டை மட்டும் அவிழ்த்துக்கொண்டேன். அவளும் அலாஸ்கா போக வேண்டாம் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை சர்ச் வாசலில் எல்லோரும் நல்ல உடுப்புப் போட்டு நின்றார்கள். ஹோபர்ட் கழுத்துப்பட்டை கட்டியிருந்தான், அதை நான் பார்த்ததே இல்லை. ஓனா தொப்பியோடு வேனில் முன்னால் ஏறி உட்கார்ந்தாயிற்று. வழியில் நூறு பொய் யோசித்து வைத்திருந்தேன். உடம்பு சரியில்லை, கல்யாணம் தள்ளிப்போனது, பாலம் உடைந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை. "நம்மள வேணாம்னு சொல்லிட்டா" என்றேன். ஓனாதான் கடைசியில், "உன்னையுமா?" என்று கேட்டாள். "என்னைத்தான் முதல்ல" என்றேன். அவள் வண்டியைவிட்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என் கையைப் பிடிப்பாள் என்று யார் நினைத்தது!

ஹோபர்ட்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கேக்கு என்னாச்சு?" என்றான். டிரக்கில் இருக்கிறது என்றேன். "அப்ப வாங்க. கூரை அடைச்ச கொட்டகை ஒண்ணு சும்மாதான் கெடக்கு" என்றான்.

நம் கொட்டகையில்தான் வெட்டினோம். நான் நீல உடுப்பைப் போட்டுக்கொண்டேன், தைத்தது வீணாகக் கூடாது அல்லவா? கேக் நன்றாக ஊறியிருந்தது. ஓனாவின் அடுக்கு இந்தத் தடவையும் ஓரம் கருகித்தான் இருந்தது. ஒரு துண்டு விடாமல் தின்றோம். அந்நேரம் நீ தனியாக நடந்து வந்துகொண்டிருப்பாய் என்று நினைத்தேன். விழாமல் நடந்தாயா?

லீட்டா


ரிச்மண்ட்
அக்டோபர் 29, 2019

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. நீ எழுதியது எல்லாம் நிஜம். ஆனால் நீ செய்ததும் சரியா? வாசலுக்கு நேராக வெறும் மேசை. வந்தவர்கள் எல்லோரும் கேக் எங்கே, கேக் எங்கே என்று கேட்டார்கள். தோரணத்தில் நட்டநடுவில் ஒரு பல் விழுந்த மாதிரி இடம். எல்லாப் புகைப்படத்திலும் அது தெரிகிறது. என் கல்யாண நாளில் எனக்கு அப்படிச் செய்ய உனக்கு எப்படி மனசு வந்தது?

நான் பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை. ஜூனில் அந்த விருந்தில் திருமதி விட்லாக், "அடுத்த வாரமே வந்து உங்க அக்காவைப் பாக்கறோம், வீட்டையும் பாக்கறோம்" என்றார். அந்த ஓவியங்களுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு நம் வீட்டை நினைத்துப் பார்த்தேன். கிழிந்த சோபா, முற்றத்தில் ஓடாத டிரக், நீ பேசுகிற விதம். வாயில் அலாஸ்கா என்று வந்துவிட்டது. ஒரு தடவை சொன்னதும் அதற்குமேல் ஒவ்வொன்றாக அடுக்க வேண்டியதாயிற்று. கிரஹாமுக்கு உண்மை தெரியும். இப்போது வேண்டாம், பிறகு மெதுவாகச் சொல்லலாம் என்கிறான். சொல்வேன் அக்கா, சத்தியமாக ஒரு நாள் சொல்வேன்.

இன்னொன்று. கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கிரஹாமின் தங்கைக்கு வசந்தத்தில் கல்யாணம். அந்த அலங்காரம் எல்லோருக்கும் அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. என் மாமியார் தினமும், "அந்த அம்மாவோட விலாசம் குடேன்" என்று கேட்கிறார். நான் இன்னும் கொடுக்கவில்லை. நீ ஒத்துக்கொண்டால் இந்தச் சாக்கில் இங்கே வந்து போகலாம், நாம் பார்த்துக்கொள்ளலாம். மற்றது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அவர்களுக்கு உன்னை ரொம்பப் பிடித்துவிட்டது, நிஜமாக.

பதில் எழுது. நான் இன்னமும் உன் பூசணிக்குட்டிதான்.

பிரென்னா


நவம்பர் 6, 2019

திருமதி பிரென்னா விட்லாக் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது.

உங்கள் மாமியார் கேட்டதற்கு மிகவும் நன்றி. அந்த அலங்காரம் செய்த பெண் இப்போது அந்த வேலை செய்வதில்லை என்று சொல்லிவிடுங்கள். அவர் கொடுத்த ரொட்டி நன்றாக இருந்தது, அதையும் தவறாமல் சொல்லுங்கள்.

தோரணம், பூக்கள், விரிப்பு எதையும் திருப்பி அனுப்ப வேண்டாம். உங்கள் குடும்பச் சொத்து அவை, உங்களிடமே இருக்கட்டும்.

நீங்கள் எனக்கு எழுதிய கடிதங்களை இத்துடன் அனுப்புகிறேன். நாடா கட்டிப் பத்திரமாக வைப்பதாக முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள், அப்படியே கட்டியிருக்கிறேன். தேநீரில் முக்கவில்லை. தானாகவே பழசாகிவிடும்.

இனி எனக்கு எழுத வேண்டாம். இவ்வளவு தூரத்துக்குத் தபால் வந்து சேர்வதில்லை. நீங்கள் சொன்ன இடத்தில்தான் இருக்கிறேன், இங்கே குளிர் அதிகம்.

இப்படிக்கு,
லீட்டா
அலாஸ்கா